எதை முன்பே முடிவு செய்வது? தென்கிழக்காசியத் தரைவழிப் பயணமும் திட்டமிடல் பற்றிய வாதங்களும்

முதுகில் ஒரு பையோடு, விமானத்தைத் தவிர்த்து, அடுத்தடுத்த நாடுகளை நிலத்தின் வழியாகவே கடந்துபோக விரும்புகிறவர் முன் வந்து நிற்கும் முதல் கேள்வி பழையது. கிளம்பும் முன் எவ்வளவைத் தீர்மானித்துக்கொள்வது? எந்த இரவு எந்த ஊரில் என்பது வரை எழுதிவைத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் உண்டு. முதல் ஊருக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்படுகிறவர்களும் உண்டு. ஒழுங்கானவர் திட்டமிடுவார், சுதந்திரமானவர் திட்டமிடமாட்டார் என்று இதைச் சுபாவத்தின் விஷயமாகவே இரு தரப்பாரும் பேசுகிறார்கள். இதுபற்றி எழுதப்பட்டவற்றைத் தொடர்ந்து படித்தால், சுபாவத்துக்கு இதில் சிறு பங்குதான் என்று தோன்றுகிறது. கையிலிருக்கும் கடவுச்சீட்டும், போகிற மாதமும், கடக்க வேண்டிய எல்லைச் சாவடியும் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகின்றன.

அந்த வாதங்களை இங்கே ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வைத்துப் பார்க்கலாம். பாங்காக்கில் தொடங்கி வடக்கே சியாங்மாய், மேகாங் நதியைத் தாண்டி லாவோஸின் லுவாங் பிரபாங், தலைநகர் வியந்தியான், பிறகு வியட்நாமில் ஹனோய், ஹுயே, ஹோ சி மின் நகரம், அங்கிருந்து கம்போடியாவின் புனோம் பென், சியெம் ரீப் வழியாக மீண்டும் பாங்காக். நான்கு நாடுகள், நான்கு நாணயங்கள், நான்கு தரை எல்லைகள். முதுகுப்பைப் பயணத்தின் நவீனக் கையேட்டு மரபு பெருமளவு வளர்ந்தது இந்த வட்டாரத்தில்தான். அந்த மரபு அண்மை ஆண்டுகளில் கடுமையாகச் சோதிக்கப்படுவதும் இங்கேதான். சென்னையிலிருந்து புறப்படுகிறவருக்குக் கைக்கெட்டும் தொலைவில் உள்ள நெடுஞ்சுற்றும் இதுவே.

அட்டவணையும் அலைச்சலும்

திட்டமிட்ட பயணத்தின் அச்சு வடிவம் ஐரோப்பாவில் 1830-களில் பிறந்தது. லண்டன் பதிப்பாளர் ஜான் முர்ரே 1836-ல் தம் கையேட்டு வரிசையைத் தொடங்கினார். அதே காலகட்டத்தில் ஜெர்மனியில் கார்ல் பேடெக்கரின் கையேடுகளும் வரத் தொடங்கின. எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் அவை முன்கூட்டியே சொல்லிவிட்டன. கட்டாயம் பார்க்க வேண்டியவற்றுக்கு பேடெக்கர் நட்சத்திரக் குறியிட்டார். இதற்குப் பின்னாலுள்ள தர்க்கம் எளியது: விடுப்பு குறைவு, செலவு அதிகம், எனவே எதையும் தற்செயலுக்கு விடக்கூடாது. பதினைந்து நாள் விடுப்பில் இரண்டு நாடு பார்க்க நினைக்கும் இன்றைய ஊழியருக்கும் இது பொருந்தும். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. இதே முறையை மூன்று, நான்கு மாதப் பயணத்துக்கு நீட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. பேருந்து ஒரு நாள் தாமதமானால், அதன் பின்னால் வரிசையாக வாங்கிவைத்த டிக்கெட்டும் அறையும் வீணாகின்றன. பயணி அதன்பின் ஊரைப் பார்ப்பதில்லை, அட்டவணையைத் துரத்துகிறார்.

எதிர்த்தரப்பின் வேர் எங்கே என்று தேடியவர்களில் சமூகவியலாளர் ஜூடித் ஆட்லர் முக்கியமானவர். இளைஞர்களின் ஊர்சுற்றல் மரபுக்குச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவை மட்டும் மூலமாகக் கொள்ள முடியாது என்று 1985-ல் அவர் வாதிட்டார். வேலை தேடி ஊர் ஊராக நடந்த கைவினைத் தொழிலாளர்களின் அலைச்சலை அவர் நினைவூட்டினார். அந்த நடை ஒரு தொழில் ஏற்பாடு. அது நலிந்த பிறகே, வசதியுள்ள வீட்டு இளைஞர்கள் அதே வழியை விருப்பத்தின் பேரில் நடக்கத் தொடங்கினார்கள். திட்டமின்றி அலைவதைச் சுதந்திரம் என்று கொண்டாடும்போது, ஒருகாலத்தில் அது தேவையால் நேர்ந்த அலைச்சல் என்பதை ஆட்லரின் ஆய்வு மறக்கவிடுவதில்லை.

1972-ல் சமூகவியலாளர் எரிக் கோஹென் சுற்றுலாப் பயணிகளை நான்கு வகையாகப் பிரித்தார். குழுவாகச் செல்லும் பெருந்திரள் பயணி, தனியே செல்லும் பெருந்திரள் பயணி, தேடிச் செல்பவர், அலைபவர். கடைசி வகையினருக்கு முன்தீர்மானித்த வழியோ கால அட்டவணையோ கிடையாது. உள்ளூர் வாழ்க்கைக்குள் கூடியவரை மூழ்குவதே அவர்கள் நோக்கம். இந்த வகைப்பாடு அடுத்து வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளமானது. ஆனால் 2003-ல் கோஹெனே இதற்குத் திரும்பி வந்து, அலைபவரின் இலட்சியத்துக்கும் முதுகுப்பைப் பயணியின் நடைமுறைக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினார். பெரும்பாலோர் ஒரே வழியில் செல்கிறார்கள், ஒரே தெருவில் தங்குகிறார்கள், பெரிதும் தங்களுக்குள்ளேயே பழகுகிறார்கள். பாங்காக்கின் காவ் சான் சாலையில் ஒரு மாலை நின்று பார்த்தவர்கள் இதை மறுப்பது கடினம்.

இந்த இரு தரப்பிலும் சேராத ஒரு நிலைப்பாட்டை இந்தியாவிலிருந்து முன்வைத்தவர் ராகுல் சாங்கிருத்தியாயன். 1948-ல் அவர் இந்தியில் எழுதிய 'குமக்கட் சாஸ்திரம்' ஊர்சுற்றலை ஒரு துறையாகவே வகுத்துக்கொண்டு பேசுகிறது. கல்வியும் வயதும், தற்சார்பு, கைத்தொழிலும் கலையும், நாடுகளைப் பற்றிய அறிவு என்று அதில் இயல்கள் உண்டு. பெண் பயணியருக்கும் தனி இயல் உண்டு. அவர் கேட்கும் ஆயத்தம் வழியைப் பற்றியதல்ல, ஆளைப் பற்றியது. மொழியைக் கற்றுக்கொள், ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள், போகிற நாட்டின் வரலாற்றைப் படி. வழி தானாக அமையும் என்பதே அதன் போக்கு. இந்த விவாதம் முழுவதிலும் இதுவே மிக ஆழமான பங்களிப்பு என்பது என் கருத்து. பிற்காலச் சுற்றுலா ஆய்வுகள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது பேரிழப்பு. இதற்கும் ஒரு குறை உண்டு. 1929-ல் வேடமிட்டு நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் சென்றவர் அவர். எல்லையை அறிவாலும் துணிவாலும் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. கைரேகையும் முகமும் பதிவாகும் இன்றைய சாவடியில் அந்த நம்பிக்கை செல்லுபடியாகாது.

கையேடு காட்டிய நடுவழி

1972-ல் டோனி வீலரும் மொரீன் வீலரும் லண்டனிலிருந்து ஆசியாவைத் தரைவழியாகக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு ஆசியாவைக் குறைந்த செலவில் கடப்பது எப்படி என்று ஒரு சிறு நூல் வெளியிட்டனர். 'லோன்லி பிளானட்' நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. 1975-ல் வந்த அவர்களது தென்கிழக்காசியக் கையேடு அட்டையின் நிறத்தால் மஞ்சள் பைபிள் என்றே பெயர் பெற்றது. 1979-ல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் இஸ்தான்புல்–காத்மாண்டு தரைவழியை மூடின. முதுகுப்பைப் பயணத்தின் கவனம் மெல்லக் கிழக்கே நகர்ந்தது. வியட்நாம் 1986-ல் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் கம்போடியாவில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தது. 1994-ல் தாய்லாந்தின் நோங் காயையும் லாவோஸையும் இணைத்து மேகாங்கின் மேல் நட்புறவுப் பாலம் திறக்கப்பட்டது. நான்கு நாட்டுச் சுற்று இப்படித்தான் சாத்தியமானது.

இந்தக் கையேடுகள் அட்டவணைக்கும் அலைச்சலுக்கும் நடுவே ஒரு வழியைச் சொல்லின: திசையை மட்டும் முடிவு செய், ஊருக்குப் போய் அறையைத் தேடு, பிடித்தால் தங்கு, பிடிக்காவிட்டால் நகர். நெடும்பயணத்துக்கு இது நல்ல முறை. இதன் பலவீனமாகப் பலரும் சுட்டுவது, ஒரே பக்கத்தைப் படித்த ஆயிரம் பேர் ஒரே கெஸ்ட் ஹவுஸின் வாசலில் நிற்பதை. கைபேசிச் செயலிகள் வந்தபின் இது மாறும் என்று எதிர்பார்த்தார்கள். நட்சத்திர மதிப்பெண் பார்த்து அறை பிடிக்கும் பழக்கம் கூட்டத்தை மேலும் சில இடங்களில் குவித்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. பேடெக்கரின் நட்சத்திரம் வேறு வடிவில் திரும்பிவிட்டது.

போக்குவரத்தும் இந்த நடுவழியை நெருக்குகிறது. தாய்லாந்து எல்லையிலுள்ள ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மேகாங்கில் செல்லும் மெதுப்படகு இரண்டு நாள் எடுக்கும். இரவில் பாக்பெங் கிராமத்தில் தங்க வேண்டும். அதற்குக் காலையில் படித்துறைக்குப் போய் டிக்கெட் வாங்கினாலே பெரும்பாலும் போதும். 2021 டிசம்பர் 3-ல் திறக்கப்பட்ட லாவோஸ்–சீன ரயில் பாதை, லாவோஸுக்குள் மட்டும் 414 கி.மீ. நீளமானது. மலைச்சாலையில் ஏறக்குறைய ஒரு பகல் முழுக்கப் பிடித்த லுவாங் பிரபாங்–வியந்தியான் பயணத்தை அது இரண்டு மணி நேரமாக்கிவிட்டது. ஆனால் அதற்குக் கூட்டமான நாட்களில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தாக வேண்டும். வேகமான வசதி வரவர, அன்றன்று முடிவு செய்யும் உரிமை குறைகிறது. திட்டமிடல் பற்றிய வாதங்களில் இந்த மாற்றம் இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

யாருடைய கடவுச்சீட்டு?

மேலே சொன்ன எல்லா வாதங்களிலும் பேசப்படாத முன்னனுமானம் ஒன்று உண்டு. பயணியின் கடவுச்சீட்டைப் பார்த்ததும் சாவடி திறக்கும் என்பது அது. கோஹென் விவரித்த அலைபவரும், மஞ்சள் பைபிளின் முதல் வாசகரும் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய, வட அமெரிக்க, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள். அந்த அனுமானத்தை எடுத்துவிட்டால் கேள்வியே வேறாகிறது.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 15 முதல் அந்நாட்டின் மின்விசா 90 நாள் வரை, பலமுறை நுழைவுக்கும் கிடைக்கிறது. இது பெரிய முன்னேற்றம். அதே நாளில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட சில நாட்டவருக்கு விசாவின்றி 45 நாள் தங்கும் அனுமதியும் நடைமுறைக்கு வந்தது. இந்தியர் மின்விசா எடுத்தாக வேண்டும். அந்த விண்ணப்பத்திலேயே எந்தச் சாவடி வழியாக நுழைவது, எதன் வழியாக வெளியேறுவது என்று குறிப்பிட வேண்டியிருக்கிறது. லாவோஸிலிருந்து டியன் பியன் பூ பக்கம் தாய் திராங் வழியாக ஏறுவதா, தெற்கே காவ் திரியோ வழியாகவா, இன்னும் தெற்கே லாவோ பாவோ வழியாகவா என்பது ஹனோயைப் பார்ப்பதற்குப் பல வாரம் முன்பே முடிவாகிவிடுகிறது. ஒரு படிவத்தின் ஒரு கட்டம் முழுப் பயணத்தின் திசையைத் தீர்மானித்துவிடுகிறது. விசா வேண்டாத ஜெர்மானியருக்கு இந்தக் கட்டமே இல்லை. அலைவதா, திட்டமிடுவதா என்று அவரிடம் கேட்கலாம். நம்மிடம் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே பாதி விடை எழுதப்பட்டிருக்கிறது.

தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியருக்கு விசா விலக்கு அளித்தது. 2024 ஜூலையில் தங்கும் காலம் 60 நாளாக நீண்டது. அதைக் குறைப்பது பற்றிய பேச்சும் அதன்பின் எழுந்தது. விலக்கின் கீழ் தரை எல்லை வழியாக நுழைவது ஓர் ஆண்டில் இரு முறைக்கு மேல் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. நான்கு நாட்டுச் சுற்றில் பாங்காக்குக்குத் தரைவழி திரும்புவது ஒரு நுழைவு. இடையில் இன்னொரு முறை உள்ளே வந்து போனால் ஒதுக்கீடு தீர்ந்தது. 2025 மே முதல் மின்வடிவ வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். கையில் போதிய பணம் இருப்பதைக் காட்டச் சொல்லவும் கூடும். லாவோஸும் கம்போடியாவும் மின்விசாவோடு எல்லையிலேயே விசா தரும் வழக்கத்தையும் வைத்திருக்கின்றன. எல்லாச் சாவடிகளிலும் இரண்டும் செல்லாது என்பதால் குறிப்பிட்ட சாவடியின் பெயரைப் பட்டியலில் பார்த்துக்கொள்வது அவசியம். ஒட்டும் விசா ஒவ்வொன்றும் கடவுச்சீட்டில் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஆறு மாதச் செல்லுபடிக் காலத்தை நினைவில் வைக்கும் பலர் வெற்றுப் பக்கங்களை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு தடை புறப்படும் விமான நிலையத்திலேயே வரும். ஒருவழி டிக்கெட்டோடு பாங்காக் செல்பவரிடம், தாய்லாந்தை விட்டு வெளியேறும் டிக்கெட் எங்கே என்று விமான நிறுவன ஊழியர் கேட்கக்கூடும். நிலவழியாக வெளியேறப்போகிறேன் என்ற பதில் அங்கே எப்போதும் எடுபடுவதில்லை. மீள்பயண டிக்கெட்டோ, எல்லை தாண்டும் பேருந்து அல்லது ரயில் டிக்கெட்டோ கையில் இருப்பது நல்லது. பாங்காக்கிலிருந்து வியந்தியானுக்கு 2024 ஜூலையில் தொடங்கிய நேரடி ரயில் இந்த வகையில் உதவக்கூடியது.

மூடிய சாவடிகள்

பாங்காக்–சியெம் ரீப் வழி, அதாவது அரண்யபிரதேத்–போய்பெட் சாவடி, கால் நூற்றாண்டாக இந்தச் சுற்றின் உயிர்நாடியாக இருந்தது. அங்கோர் கோயில்களுக்குச் செல்லும் தரைவழிப் பயணிகள் பெரும்பாலும் அந்த வாயிலைக் கடந்தார்கள். 2025 மே இறுதியில் தாய்லாந்து–கம்போடிய எல்லையில் நடந்த மோதலில் கம்போடியச் சிப்பாய் ஒருவர் இறந்தார். ஜூன் மாதத்தில் சாவடிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஜூலை 24-ல் தொடங்கிய சண்டை ஐந்து நாள் நீடித்து, மலேசியாவில் எட்டப்பட்ட உடன்பாட்டால் நின்றது. டிசம்பரில் சண்டை மீண்டும் வெடித்தது. பல்லாயிரக்கணக்கான எல்லையோரக் குடும்பங்கள் வீடுகளை விட்டு முகாம்களுக்குப் போயின. பயணிகளின் சிரமத்தை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் திட்டமிடல் பற்றிய விவாதத்துக்கு இது தரும் பாடம் பெரியது.

சாவடி மூடியபோது இரு தரப்பாரும் தோற்றார்கள். எல்லாவற்றையும் முன்பதிவு செய்தவர் பணத்தை இழந்தார். எதையும் யோசிக்காதவர், மூடிய வாயிலுக்கு மாற்று எது என்று தெரியாமல் நின்றார். தாக்குப்பிடிக்க முடிந்தது மூன்றாம் வகையினரால்: தென் லாவோஸிலிருந்து மேகாங்கின் நாலாயிரம் தீவுகளைக் கடந்து ஸ்டுங் திரெங் வழியாகக் கம்போடியாவுக்குள் இறங்கலாம் என்பதை முன்பே வரைபடத்தில் பார்த்துவைத்தவர்கள். ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு மாற்றுச் சாவடியும், எதுவும் இயலாதபோது ஒரு குறுகிய விமானப் பயணத்துக்கான பணமும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி. அறைகளைத் திட்டமிடுவதைவிட வாயில்களைத் திட்டமிடுவது முக்கியம் என்ற முடிவுக்கு இந்தக் கட்டுரை வருவது பெரிதும் இந்த நிகழ்வை வைத்தே.

மேற்குப் பக்கம் நிலைமை இன்னும் கடினம். இந்தியாவிலிருந்தே சக்கரத்தில் புறப்பட்டு, மணிப்பூரின் மோரே வழியாக மியான்மரைக் கடந்து தாய்லாந்தின் மே சோட் சேர வேண்டும் என்பது பலரின் கனவு. இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,360 கி.மீ. நீளத்துக்கு வகுக்கப்பட்டது. 2013-ல் தாய்லாந்து–மியான்மர் சாவடிகள் சில வெளிநாட்டவருக்குத் திறந்தன. 2018-ல் மோரே–தமு சாவடியும் விசா வைத்திருப்போருக்குத் திறந்தது. சில காலம் அந்தக் கனவு கைகூடியது. 2020-ல் கொரோனா, 2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவப் புரட்சி, 2023 மே முதல் மணிப்பூர் வன்முறை என்று அந்த வாயில் அடைபட்டது. மியான்மருக்குள் உள்நாட்டுப் போர் நடக்கும் பகுதிகளினூடே அந்த வழி செல்கிறது. இன்று அதைத் திட்டத்தில் சேர்ப்பது பொறுப்பான செயலாகாது.

மோரேயைச் சொல்லும்போது தமிழர் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழிகளில் நடந்து வந்தார்கள். அவர்களில் தமிழர் பலர், வழியில் மாண்டவர்களும் பலர். 1962-க்குப் பின் நே வின் ஆட்சியின் தேசியமயத்தால் வெளியேற்றப்பட்டுக் கப்பலில் தமிழகம் வந்தவர்களில் சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்ப நினைத்து வடகிழக்கு வழியே நடந்தார்கள். எல்லை தாண்ட முடியாமல் மோரேயில் தங்கினார்கள். அங்குள்ள தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் அப்படி வந்தவை. தரைவழியே எல்லை கடப்பது விருப்பப் பயணமாவதற்கு முன்பு நம்மவர்க்கு உயிர்ப்பயணமாக இருந்திருக்கிறது. ஆட்லர் கைவினைஞர்களைப் பற்றிச் சொன்னதை நாம் இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மழையும் புகையும் பண்டிகையும்

காலத்தை வைத்துத் திட்டமிடும் தரப்பு ஒன்றும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம் என்ற ஒற்றை வரியை எல்லாக் கையேடுகளிலும் காணலாம். நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வரி பாதி உண்மைதான். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தென் வியட்நாம் முழுவதையும் நனைக்கிறது. மத்திய வியட்நாமின் கடற்கரைக்கு மழை வருவதோ செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. 2020 அக்டோபரில் ஹுயே, குவாங் திரி பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியது இந்தக் காலத்தில்தான். வட வியட்நாமில் ஜனவரி, பிப்ரவரி குளிரும் தூறலுமாக இருக்கும். பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்திலும் வட லாவோஸிலும் காடும் வயல்வெளியும் எரிக்கப்படும் புகை கவிகிறது. சியாங்மாயின் காற்று அந்த வாரங்களில் உலகின் மிக மோசமான நகரக் காற்றுகளில் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஏப்ரலில் கம்போடியாவின் வெயில் தமிழகத்துக் கத்திரியை ஒத்தது.

எல்லா இடமும் நன்றாக இருக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. அதனால் சுற்றின் திசை முக்கியமாகிறது. நவம்பரில் வட தாய்லாந்து, டிசம்பரில் லாவோஸ், குளிரைப் பொறுத்துக்கொண்டு ஜனவரியில் ஹனோய், பிப்ரவரியில் மழை ஓய்ந்த ஹுயேயும் ஹோய் ஆனும், மார்ச்சில் தெற்கும் கம்போடியாவும் என்று கடிகாரத் திசையில் போவது ஓரளவு நியாயமான சமரசம். இதில் ஒரு முட்டுக்கட்டை வியட்நாமியப் புத்தாண்டான தெத். ஜனவரி பின்பாதியிலோ பிப்ரவரியிலோ வரும் அந்தப் பண்டிகைக்கு நாடே ஊர் திரும்புகிறது. ஹனோய்–ஹோ சி மின் நகரம் இடையிலான 1,726 கி.மீ. ரயில் பாதையில் அந்த நாட்களில் இடம் கிடைப்பது அரிது, கடைகள் பலவும் மூடியிருக்கும். ஏப்ரல் நடுவில் தாய்லாந்தின் சொங்கிரானும், லாவோஸ், கம்போடியப் புத்தாண்டுகளும் ஒன்றாக வருகின்றன. எங்கும் அறை முன்பதிவு வேண்டாம் என்பவர்களும் இந்த வாரங்களுக்கு விலக்களிக்கிறார்கள், சரியாகவே.

பணம், பாதுகாப்பு இரண்டும் தனிக்கட்டுரைக்கு உரியவை; இங்கே சில குறிப்புகள் மட்டும். லாவோஸின் கிப் நாணயத்தை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம் என்பதால் எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுவது நல்லது. கம்போடியாவில் டாலர் புழங்கும், கிழிந்த நோட்டு புழங்காது. 1964 முதல் 1973 வரை லாவோஸின் மேல் அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைப் போட்டன. வெடிக்காதவை இன்னும் மண்ணில் இருக்கின்றன. சியெங்குவாங்கின் சாடிச் சமவெளியில் குறியிட்ட பாதையை விட்டு விலகக்கூடாது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தனர். தனியே செல்லும் பெண்களுக்கு இருட்டிய பிறகு புது ஊரில் இறங்கி அறை தேடுவது ஆண்களுக்குள்ள அதே சுதந்திரம் அல்ல. எனவே முதல் இரவுக்கு மட்டுமாவது அறையை முன்பே உறுதி செய்வது அவர்கள் விஷயத்தில் சமரசம் ஆகாது. சாங்கிருத்தியாயன் 1948-லேயே பெண்களுக்குத் தனி இயல் எழுதினார். அலைபவரை வகைப்படுத்திய தொடக்ககால ஆய்வுகளில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய இடமில்லை.

ஊருக்கு எது நல்லது?

இதுவரை கேட்டதெல்லாம் பயணிக்கு எது நல்லது என்பது. 1990-களின் இறுதியிலிருந்து ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். இந்தோனேசியாவின் லொம்பொக் பகுதியை ஆராய்ந்த மார்க் ஹாம்ப்டன் 1998-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். முதுகுப்பைப் பயணி ஒரு நாளில் செலவழிப்பது குறைவு. ஆனால் அது உள்ளூர்க்காரர் நடத்தும் சிறு விடுதிக்கும் உணவுக்கடைக்கும் போகிறது, பெரிய விடுதிகளில்போல் வெளியே கசிந்துவிடுவதில்லை. ரெஜினா ஷைவன்ஸ் 2002-ல் இதே வழியில் வாதிட்டு, இத்தகைய பயணத்தை அரசுகள் ஏளனம் செய்வதைக் கண்டித்தார். இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. மெதுவாகப் போகிறவர், ஊரிலேயே அறை தேடுகிறவர், படகுக்காரரிடம் நேரில் டிக்கெட் வாங்குகிறவர் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறார். முன்பதிவுச் செயலி வழியாகப் போகும் அதே தொகையில் ஒரு பங்கு தரகாக வெளிநாடு போய்விடுகிறது. இந்தக் கோணத்தில், திட்டமிடாமைக்கு ஓர் அறக் காரணமும் கிடைக்கிறது.

எதிர்ச்சான்றுகளும் உண்டு. வாங் வியெங் ஆற்றில் டியூபில் மிதந்துகொண்டே குடிக்கும் வழக்கம் பெருகி, இளம் பயணிகள் பலர் இறந்தபின், 2012-ல் லாவோஸ் அரசு கரையோர மதுக்கடைகளை மூடியது. ஒரு திரைப்படத்தால் பெயர் பெற்ற தாய்லாந்தின் மாயா வளைகுடா, பவளப் பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூனில் மூடப்பட்டு 2022-ல் கட்டுப்பாடுகளோடு திறந்தது. 1995-ல் உலகப் பாரம்பரிய நகரமான லுவாங் பிரபாங்கில் விடியற்காலையில் பிக்குகள் பிச்சை ஏற்கும் சடங்கு, கேமராக்களின் நடுவே நடக்கும் காட்சியாகிவிட்டது. மலிவுப் பயணம் தானாகவே மென்மையான பயணம் ஆகிவிடாது. ஓரிடத்தில் எத்தனை பேர் குவிகிறார்கள், எவ்வளவு காலம் தங்குகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. ஹாம்ப்டனின் முடிவு எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பது இன்னும் திறந்த கேள்வி.

இன்னும் தீராதவை

முடிவாகாத வேறு சிலவும் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து சீனாவின் குன்மிங் வரை தொடர் ரயில் பாதை என்ற ஆசியான் திட்டம் 1995-லிருந்து பேசப்படுகிறது. வியந்தியான்–குன்மிங் பகுதி முடிந்தது. புனோம் பென்னுக்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் இடையிலான துண்டு இன்னும் இல்லை. தாய்லாந்து 2024-ல் அண்டை நாடுகளோடு சேர்ந்து ஆறு நாட்டுப் பொது விசா ஒன்றை முன்மொழிந்தது. அது வந்தால் மேலே சொன்ன சாவடிக் கணக்குகளில் பாதி தேவையற்றுப்போகும். ஆனால் அந்த ஆறில் இரண்டு நாடுகள் அதன்பின் ஒன்றோடொன்று போரிட்டன, இன்னொன்றில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. வெகுவிரைவில் நடக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை. புகை, வெள்ளம், வெயில் ஆகியவற்றின் மாத எல்லைகள் நகர்வதாகத் தோன்றுகிறது. பழைய பருவப் பட்டியல்களை எவ்வளவு காலம் நம்பலாம் என்பதும் உறுதியில்லை.

இன்றுள்ள நிலையில் சொல்லக்கூடியது இது. வாயில்கள், அவற்றுக்கான மாற்றுகள், மாதங்கள், ஆவணங்கள் ஆகியவற்றைக் கறாராக முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் முதல் இரவு, பண்டிகை வாரங்கள் தவிர, ஊர்களையும் அறைகளையும் திறந்தே வைக்கலாம். சாங்கிருத்தியாயன் சொன்ன ஆயத்தத்துக்கு, அதாவது கொஞ்சம் தாய், கொஞ்சம் வியட்நாமிய மொழி, போகிற நாட்டின் வரலாறு என்பவற்றுக்கு, முன்பதிவுக்குச் செலவிடும் நேரத்தைத் திருப்பிவிடுவது நல்லது. இந்த மதிப்பீடும் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துச் சொன்னதே. இலங்கை, மலேசியத் தமிழருக்குக் கணக்கு வேறு.

ஏ. கே. செட்டியார் காலத்திலிருந்தே தமிழுக்கு வளமான பயண எழுத்து மரபு உண்டு. பயணம் போய்வந்த அனுபவத்தை நாம் நிறைய எழுதியிருக்கிறோம். எந்தச் சாவடியில் எந்தக் கடவுச்சீட்டுக்கு என்ன விதி, எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, மாற்று எது என்று சொல்லி, ஆண்டுதோறும் திருத்தி வெளியிடப்படும் தரைவழிக் கையேடு ஒன்றும் தமிழில் வேண்டும். போய்வந்தவர்கள் தங்கள் எல்லைக் குறிப்புகளைத் தேதியோடும் சாவடிப் பெயரோடும் எழுதிவைத்தால் அதைத் தொகுக்க முடியும்.